மீன் குட்டைக்கு மூச்சு

அரும்பாவூர் பக்கம் எங்கள் வெங்காயக் காட்டு மூலையில் ஒரு சின்னக் குட்டை வெட்டி, கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டார் என் கணவர். காடு வரைக்கும் கரண்டுக் கம்பி வரவில்லை என்பது அவருக்குப் பொருட்டே அல்ல. "மீனுக்கு எதுக்குக் கரண்டு, டிவியா பாக்கப் போவுது?" என்றார்.

குஞ்சுகள் கையகலம் வளர்ந்ததும், ஒருநாள் விடிகாலையில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"பாத்தியா, என்னைக் கண்டதும் ஓடியாருதுங்க."

"அதுங்களுக்கு மூச்சு முட்டுதுங்க. தண்ணியில காத்து இல்ல" என்றேன்.

நான் சொன்னால் நம்பமாட்டார்; செல்போன் சொன்னால் நம்புவார். செல்போனும் அதையே சொன்னது. உடனே திருச்சிக்குப் போய், சோலார் தகட்டில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று வாங்கி வந்தார். நடு மதியத்தில் அது கல்யாண மண்டபத்து நீரூற்று மாதிரி பீய்ச்சியடித்தது. வாலிகண்டபுரத்துச் சொந்தக்காரர்கள் வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மீன்களுக்கு மூச்சு முட்டுவதோ விடிகாலையில். அந்த நேரத்தில் மோட்டார் நிம்மதியாகத் தூங்கும்.

ஐப்பசியில் வானம் மூட்டம் போட்டு, வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மற்றவை கரையோரம் தவித்தன. இவர் தோள் துண்டால் சோலார் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சூரியனை மறைத்தது அந்தத் தூசிதான் போலும்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தோடு இறங்கினேன். தண்ணீரை மொண்டு, தலைக்கு மேல் தூக்கி ஊற்றினேன்.

"என்ன பண்றே?"

"நீங்க தொடச்சி முடிங்க. அதுவரைக்கும் நான் மோட்டாரா இருக்கேன்."

அவர் செத்த மீன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. அதற்குமேல் எனக்கும் கிண்டல் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கி, கையாலும் காலாலும் தண்ணீரை அடிக்கத் தொடங்கினார். நன்றாக வெளிச்சம் ஏறும்வரை இருவரும் அடித்தோம். மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

குட்டைக்கு மீன் அதிகம் என்று புரிந்து, பாதியை வலைபோட்டுப் பிடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். மிச்சத்துக்குக் காற்று வேண்டுமே என்று இவர் தினமும் விடிகாலையில் இறங்கி நீந்துகிறார். நடக்கச் சொல்லி டாக்டர் கெஞ்சியபோதெல்லாம் முழங்கால் வலி வந்த மனிதர். யாராவது கேட்டால், "இது இயற்கை முறைங்க" என்கிறார். தொப்பை நன்றாகவே வற்றிவிட்டது. கூட நீந்துகிறவற்றைக் குழம்பு வைக்க மட்டும் மனசு வரவில்லையாம். டவுனில் மத்தி மீன் வாங்கி வருகிறார்.