ஷாமீர் வீட்டு இரட்டைப் பங்கு

எப்பிராயீம் மலைநாட்டு ஷாமீருக்குப் பெண்டாட்டி இரண்டு, நெஞ்சில் இடம் ஒன்று. அதில் இளையவள் ஹொக்லா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் அசூபா அடுப்படியோடு சரி. ஆனால் தலைப்பிள்ளை யாசேரைப் பெற்றவள் அவள்தான். தலைப்பிள்ளைக்கு நிலத்தில் இரட்டைப் பங்கு; வேண்டாத பெண்டாட்டி பெற்றவன் என்று அதைப் பறிக்கக் கூடாது. சட்டம் அப்படி.

நோயில் படுத்து எழுந்த ஷாமீருக்கு ஒரு குறுக்கு யோசனை. வீட்டில் வேண்டாத பெண்டாட்டியே இல்லை என்று சொல்லிவிட்டால் சட்டம் என்ன செய்யும்? இரட்டைப் பங்கை ஹொக்லாவின் மகனுக்கே எழுதிவிடலாமே! என்ன புத்தியோ போங்கள். விடிந்ததும் குடும்பத்தோடு ஊர் வாசலுக்குப் போனான். வழக்குத் தீர்க்கும் மூப்பர்கள் பத்துப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

“எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதாங்க. பாரபட்சமே கிடையாது.”

மூப்பர் ஒத்னி தாடியைச் சொறிந்தார். “அப்படியா ஷாமீரு, ரொம்ப சந்தோஷம். ஹொக்லாவுக்கு என்னப்பா சாப்பிடப் பிடிக்கும்?”

“அத்திப்பழ அடைங்க. அதுவும் முதல் காய்ப்புல தட்டினதா இருக்கணும்.”

“அசூபாவுக்கு?”

ஷாமீர் அசூபாவையே திரும்பிப் பார்த்தான். முப்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன்! யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷாமீருக்குக் காது மடல் சுட்டது.

“எனக்கும் அத்திப்பழ அடைதாங்க,” என்றாள் அசூபா. “அவர் எனக்கு ஒரு குறையும் வைக்கல.”

பொய் என்று வாசலுக்கே தெரியும். பத்துப் பேர் முன்னால் வேண்டாதவள் என்று பெயர் வாங்குவதைவிட, மகனுடைய பங்கு போனாலும் போகட்டும் என்று நினைத்துவிட்டாள். யாசேர் தாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். இனி ஷாமீர் ‘ஆமாம்’ என்றால் போதும், நினைத்தது நடந்துவிடும். அவனுக்கோ அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா!

“இல்லீங்க,” என்றான். “இவளை நான் வேண்டாதவளாத்தான் வச்சிருந்தேன். யாசேர்தான் மூத்தவன். இரட்டைப் பங்கு அவனுக்குத்தான்.”

மகனுக்கு நியாயம் கிடைத்தது. அசூபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் வழக்கம்போல் அவன் முன்னால் கிண்ணத்தை வைத்தாள். கிண்ணம் நிறைய வறுத்த பச்சைக் கோதுமை. ஷாமீர் ஒரு பிடி அள்ளினான். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்:

“உனக்கு நெசமா என்னதான் பிடிக்கும்?”

“இதுதான்,” என்றாள். “ஒருநாளும் நீங்க எனக்கு மிச்சம் வச்சதில்ல.”

அள்ளிய பிடி வாய்க்குப் போகவில்லை.