என்ன முப்பத்தொன்பது?

மருந்துப் போத்தலைக் கையில் வாங்கிய பிறகும் நஜ்முன் நிஸா நகர்வதில்லை. ஒட்டியிருக்கும் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய் ஓர் எழுத்தும் விடாமல் வாசிக்கிறார். வரிசையில் அவருக்குப் பின்னால் இருபது பேர். "பத்து எண்டு போட்டிருக்கு. என்ன பத்து?" என்று மருந்து கொடுப்பவரைக் கேட்கிறார். பத்து மில்லிலீட்டர் என்கிறார் அவர். "அது எத்தன கரண்டி? எங்கட வீட்டுக் கரண்டியா, உங்கட ஆசுபத்திரிக் கரண்டியா?" பின்னால் முணுமுணுப்பு எழுகிறது. காது கேட்காதவர் போல நிற்கிறார். கடைசியில் அந்த மனிதர் உள்ளே போய், கோடு போட்ட சின்னக் குவளை ஒன்றைத் தேடியெடுத்து வந்து கொடுக்கிறார். நிஸா அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இப்ப சரி" என்று நகர்கிறார்.

கிழக்குக் கரை ஊரான இறக்கக்கண்டியில் இதை எல்லாரும் அனுபவித்திருக்கிறார்கள். பிரஷர் நூற்று நாற்பது என்ற டொக்டரிடம் "என்ன நூத்தி நாப்பது?" என்று கேட்டவர். டொக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதரசத்தைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தாராம். வானொலியில் காற்று நாற்பதில் வீசும் என்றால், "நாப்பது மைலா, கிலோமீட்டரா? அரகொறையாச் சொல்லாத" என்று வானொலிப் பெட்டியை ஏசுவார். "ரேடியோவோட சண்ட புடிக்கிற ஒரே பொம்புள எண்ட பொஞ்சாதிதான்" என்பார் கணவர் தாஹிர். சொல்லும்போது குரலில் சலிப்பு பாதி, பெருமை பாதி.

வயது முப்பத்தாறு. கருவாடு போடுவதுதான் தொழில். தாஹிர் பிடித்து வருவதில் விற்றது போக மிஞ்சியதைக் கீறி, உப்பிட்டு, கடற்கரையில் பழைய வலையை விரித்துக் காயவைக்கிறார். கத்தி பிடித்துப் பிடித்து வலது ஆட்காட்டி விரல் சற்று வளைந்தே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, எண்பத்தைந்தின் சண்டையில் ஊர் கலைந்தது. பிறகு தொண்ணூறில் இன்னொருமுறை. புத்தகப்பையோடு ஓடியவர் திரும்பி வந்தபோது பிள்ளையோடு வந்தார். "பள்ளிக்கூடம்தான் என்ன விட்ட. நான் படிப்ப விடல்ல" என்று அதைப் பற்றிக் கதைக்கும்போது சொல்வார். பழைய கடதாசியில் சுற்றிவரும் சாமானை எடுத்து வைப்பதற்கு முன் கடதாசியை வாசித்து முடிப்பது அவருடைய வழக்கம்.

மகள் அசனாவின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கொம்பியூட்டர்கள் வந்தன. வந்த நாளிலிருந்து அவை பூட்டிய அறையில், பூப்போட்ட துணி போர்த்தி, சுகமாக இருந்தன. பிள்ளைகள் திரை, விசைப்பலகை, எலி என்று கொம்பியூட்டரின் பாகங்களைக் கொப்பியில் பத்துத் தரம் எழுதினார்கள். நிஸா பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார். "எண்ட மகள் எலி எண்டு பத்துத் தரம் எழுதியிருக்காள் சேர். எலியத் தொட உடுங்க, இல்லாட்டி அந்த நேரத்துல கணக்கப் படிச்சுக் குடுங்க" என்றார். பழுதாகிவிடும் என்று அதிபர் பயந்தார். "பூட்டி வெச்சாலும் பழுதாகும், உப்புக் காத்து. தொட்டுப் பழுதானா புள்ளைகள் ஒண்ட படிச்சிருக்குங்கள்." வாரத்துக்கு ஒரு பாடவேளை கதவு திறந்தது. அதைத் திறக்க நிஸா நான்கு முறை நடந்தார்.

நான் அவரைச் சந்தித்தது சுனாமிக்கு இரண்டாம் வருடம். அப்போது இந்தக் கரைக்கு வந்த நிறுவனங்களுக்கும் அவை நடத்திய செயலமர்வுகளுக்கும் அளவில்லை. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீந்துவது எப்படி என்றுகூட ஒரு செயலமர்வு நடந்தது. எல்லாவற்றிலும் சாப்பாட்டுப் பார்சல் உண்டு. நான் மொழிபெயர்ப்பாளன். அரசறிவியலில் சிறப்புப் பட்டம். கணக்கைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவன். ஒரு நிறுவனம் ஏழு படகுகளுக்கு ஏழு ஜீ.பீ.எஸ். கருவிகளைக் கொடுத்தது. கைக்குள் அடங்குகிற சாமான்; கடலில் நிற்கிற இடத்தை இலக்கத்தில் காட்டும். கடற்படையிடம் அனுமதி வாங்கி, ஒவ்வொன்றையும் பதிந்து, அதைப் பழக்கக் கொழும்பிலிருந்து இளைஞர் ஒருவரையும் அனுப்பினார்கள். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும்.

சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். மீன்பிடிக்கலாம் என்ற எல்லை அறிவித்தலாக வந்து மீனவர் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. புறாமலைத் தீவுக்கு நேரே 8°43' இலிருந்து தெற்கே 8°39' வரை தொழில் செய்யலாம். அதற்குத் தெற்கே போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. முன்பெல்லாம் எல்லையை மலையையும் கோயிலையும் காட்டிச் சொல்வார்கள். இம்முறை இலக்கம்.

சங்கக் கட்டடத்தில் நடந்த பயிற்சிக்கு ஆண்கள் மட்டும்தான். நிஸா யன்னலுக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட தோணியில் உட்கார்ந்து மீன் கீறிக்கொண்டிருந்தார். "இது தகவல் யுகம். இனி எதையும் தலையில் வைத்திருக்கத் தேவையில்லை, கருவியே எல்லாம் சொல்லும்" என்று இளைஞர் தொடங்கினார். நான் அதற்கு இன்னும் கொஞ்சம் மினுக்குப் போட்டுத் தமிழில் சொன்னேன். வெளியிலிருந்து குரல் வந்தது: "அது சொல்லும் தம்பி. அது சொன்னது சரியா பிழையா எண்டு ஆரு சொல்லுற?"

எல்லாரும் சிரித்தார்கள். தாஹிர் நிலத்தைப் பார்த்தார். அடுத்ததாக, எல்லையைத் தாண்டினால் கத்தும்படி கருவியில் பதிவது எப்படி என்ற பாடம். அறிவித்தலின் கடைசி இலக்கத்தை அப்படியே அடித்தால் போதும் என்றார் இளைஞர். "எட்டு தசம் முப்பத்தொன்பது" என்று நான் உரக்கச் சொன்னேன். ஏழு பேரும் அடித்தார்கள்.

"என்ன முப்பத்தொம்பது?" என்று கேட்டார் நிஸா.

நான் அதை இளைஞரிடம் சொன்னேன். அவர் புன்னகையோடு, அது தேவையில்லை, பொத்தானை அமத்தினால் சரி என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

"தேவையில்ல எண்டு சொல்லாதீங்க சேர். தெரியா எண்டு சொல்லுங்க."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு எல்லாரும் படகில் புறாமலைக்குப் போய், அங்கே கருவி காட்டிய இலக்கத்தைப் பயிற்சித் தாளில் எழுதிக்கொண்டு வந்து பார்சலைப் பிரித்தார்கள்.

அடுத்த இரண்டு நாள் கடலுக்குப் போகத் தடை. வியாழக்கிழமை பின்னேரம் திறந்தது. வரவுப் பதிவேட்டில் விடுபட்ட கையெழுத்துகளை வாங்க நான் அன்று கரைக்குப் போயிருந்தேன். ஏழு படகும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரவேண்டும் என்பது கட்டளை. இஞ்சின்களைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நிஸா வந்தார். ஒரு கையில் தாஹிரின் பயிற்சித் தாள், மறு கையில் மீன் கத்தி. சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல் கக்கத்தில் இருந்தது. அதைக் கிழித்தெடுக்கிற துணிவு அந்த ஊரில் வேறு ஆருக்கும் வந்திராது. நேரே, தான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சங்கத் தலைவர் ஜவாஹிரின் படகில் ஏறிக் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தார்.

அந்தக் கரையில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. வைத்தால் மீன் படாது என்பார்கள்.

"எறங்கு தங்கச்சி. ஊரு சிரிக்கும்" என்றார் ஜவாஹிர்.

"சிரிக்கட்டும் காக்கா. மையத்த வெச்சிட்டு அழுறதுக்கு இது லேசு. செவ்வாக்கெழம புறாமலைல மிஷின் என்ன காட்டின?"

"எட்டு தசம் எழுவத்திரெண்டு."

அறிவித்தலை என்னிடம் நீட்டினார். "சேர், இதுல புறாமலைக்கு என்ன போட்டிருக்கு? சத்தமா வாசிங்க."

வாசித்தேன். எட்டு, நாற்பத்து மூன்று.

"மல ஒண்டுதானே? எழும்பி நடந்து போனதா?"

மிஷின் பிழை சொல்லாது என்றார் பக்கத்துப் படகுக்காரர் பக்கீர். "மிஷினும் பிழையில்ல, கடதாசியும் பிழையில்ல" என்றார் நிஸா. "நாமதான் ரெண்டும் ஒரே கணக்கு எண்டு நெனச்ச. காக்கா, உங்கட மணிக்கூட்டப் பாருங்க. அர மணித்தியாலம் எத்தன நிமிஷம்?"

"முப்பது."

"முப்பது நிமிஷம் எண்டாலும் அரதான், தசம் அஞ்சு எண்டாலும் அரதான். பாகையும் அப்பிடித்தான். ஒரு பாகைக்கு அறுவது கல. ஒம்பதாம் வகுப்புப் பூமிசாத்திரத்துல இருக்கு. கடதாசில இருக்கிறது கல. மிஷின் காட்டுறது நூத்துல பங்கு."

கத்தி முனையால் படகின் உட்பக்கத்தில், நிறுவனம் அடித்துக்கொடுத்த புது நீலப் பெயின்டில், கணக்கைக் கீறினார். நாற்பத்து மூன்றை அறுபதால் பிரித்தார். புறாமலையின் எழுபத்திரண்டு வந்தது. முப்பத்தொன்பதைப் பிரித்தார். அறுபத்தைந்து வந்தது. ஜவாஹிர் பெயின்டை மறந்து, குனிந்து இலக்கத்தைப் பார்த்தார்.

"எல்ல எட்டு தசம் அறுபத்தஞ்சு. நீங்க அடிச்ச முப்பத்தொம்பது எங்க இருக்கு தெரியுமா? தொறமொக வாயத் தாண்டி, மூதூரையும் தாண்டி. கத்தும் கத்தும் எண்டு நம்பிப் போயிருப்பீங்க. அது கத்தியிருக்காது, மத்தச் சத்தம்தான் கேட்டிருக்கும்." அதுவரை ஏறு குரலில் பேசிக்கொண்டிருந்தவர் கத்தியைப் பலகையில் வைத்தார். "எனக்குப் புள்ளட வாப்பா வேணும் காக்கா" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. அந்த இலக்கத்தை 'தசம்' என்று உரக்கச் சொன்னது என் வாய். பாகைக்கு மேலே போடும் வட்டத்தையும் பக்கத்தில் நின்ற குறுங்கோட்டையும் பார்த்தும், அது என்ன என்று கேட்கத் தோன்றாதவன் நான். பதினேழு வருடம் படித்திருந்தேன். சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு அவ்வளவு படித்திருக்க வேண்டியதில்லை என்பது அந்த மணலில் நின்றபோதுதான் உறைத்தது.

ஏழு பேரும் ஏழு கருவியிலும் மாற்றி அடித்தார்கள். நிஸா சும்மா இறங்கிவிடவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஏன் அறுபத்தைந்து என்று சொல்லவைத்தார். பக்கீருக்கு மூன்று தரம் பிழைத்தது. மூன்று தரமும் அவரைத் திரும்ப மணிக்கூட்டில் தொடங்க வைத்தார். பொழுது சாயும் நேரத்தில்தான் படகுகள் புறப்பட்டன. வலையோடு தெற்கே இழுபட்டபோது தாஹிரின் கருவிதான் முதலில் கத்தியதாம். வலையை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அன்று மீன் குறைவு. பெண் ஏறிய தோஷம் என்று பக்கீர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.

நிஸா இன்றைக்கும் ஒரு வேலை செய்கிறார். அறிவித்தல் மாறும்போதெல்லாம் மற்றப் படகுக்காரரின் மனைவிமார் ஆறு பேரையும் கருவாட்டு வலைக்குப் பக்கத்தில் இருத்தி, புதிய இலக்கத்தைப் பிரிக்க வைக்கிறார். "ஆம்புளைகள் மறந்து போவாங்க. வீட்டுல ஒருத்திக்குத் தெரிஞ்சா வாசல்ல மறிச்சுக் கேப்பாள்" என்பது அவருடைய நியாயம். இலக்கம் மாறும், கருவியும் நாளைக்கு வேறு வரும், பிரிக்கத் தெரிந்தால் எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

அந்த வியாழனுக்கு அடுத்த மாதம் சான்றிதழ் வழங்கும் கூட்டம் நடந்தது. இளைஞர் மறுபடி வந்திருந்தார். நடந்ததை நான் முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். ஆண்களின் பெயர்கள் முடிந்ததும், பட்டியலில் இல்லாத பெயர் ஒன்றைத் தானே தமிழில் வாசித்தார்: நஜ்முன் நிஸா. பொன்கரை போட்ட தடித்த தாள். கருவியை இயக்கும் பயிற்சியைத் திறம்பட நிறைவு செய்தவர் என்று அச்சடித்திருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தாஹிர் எழுந்து நின்று தட்டினார்.

நிஸா அதை முழுதும் வாசித்தார். பிறகு மேசையில் குப்புறப் போட்டு, வெள்ளைப் பக்கத்தை உள்ளங்கையால் நீவினார். என் சட்டைப் பையிலிருந்த பேனையைக் கேட்டு வாங்கி இளைஞரிடம் நீட்டினார்.

"முப்பத்தொம்பத அறுபத்தஞ்சு ஆக்கிக் காட்டுங்க தம்பி."

இளைஞரின் காது சிவந்தது. ஆனாலும் குனிந்தார். ஒருமுறை வெட்டி, மறுமுறை எழுதி, விடையைக் கொண்டுவந்து நிமிர்ந்தார். சாப்பாட்டுப் பார்சல்கள் பின்னால் காத்திருந்தன; ஒருவரும் எழும்பவில்லை. நிஸா வரிவரியாகச் சரிபார்த்துத் தலையாட்டினார். கணக்குக்குக் கீழே நேராக ஒரு கோடு இழுத்தார். அதற்கும் கீழே புறாமலையின் 8°43' என்று எழுதி, விடைக்கு இடம் விட்டுப் பேனையை என் பக்கம் நீட்டினார்.