வழியில் தொலைந்த கரண்ட்டு

என் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் அவர், பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி பலசாலிதான். ஆனால் நிறுத்திவிட்டால் திரும்பக் கிளப்புவது பெரும்பாடு. இஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், நோயாளி மாதிரி முனகிவிட்டு ஓய்ந்துவிடும். புது பேட்டரி போட்டுப் பார்த்தார். மோட்டாரைக் கழற்றியும் பார்த்தாயிற்று, அதில் ஒரு குறையும் இல்லை.

மண்டபம் ஊரில் லாத்தா, அதாவது என் அக்கா வீட்டில் பிள்ளைக்கு முடியிறக்கும் விருந்து. பிரியாணி ஆக்கும் பெரிய செம்புச் சட்டிகளை ஏற்றிக்கொண்டு தேவிபட்டினத்திலிருந்து புறப்பட்டோம். உச்சிப்புளியில் டீக்கடையைப் பார்த்ததும் மச்சான் ஓரமாக ஒதுக்கி, பழக்க தோஷத்தில் இஞ்சினை அணைத்துவிட்டார். அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்சக்கரங்கள் மணலில் புதைந்திருந்தன. தள்ளிக் கிளப்பவும் வழியில்லை.

"போச்சு! லாத்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாக" என்றேன்.

அவர் பதறவில்லை. ஒயர் கோத்த சின்ன பல்பு ஒன்றை எடுத்து வந்தார்.

"பேட்டரியும் நல்லாருக்கு, மோட்டாரும் நல்லாருக்கு. அப்ப கரண்ட்டு வழியிலதான் எங்கனயோ தொலையுது. நான் சொல்றப்ப காலுக்கடியில இருக்க அந்த ஸ்டார்ட்டர் கட்டைய மிதி புள்ள."

மிதித்தேன். வெயிலில் பல்பு எரிவது தெரியவில்லை என்று என் வெள்ளைத் துப்பட்டியை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எனக்கும் அடக்க முடியவில்லை.

பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தபோது பல்பு நன்றாக எரிந்ததாம். மோட்டாரில் வைத்தால் அழுது வடிந்ததாம். பிறகு பேட்டரியின் எர்த்து முனைக்கும் லாரிச் சட்டத்துக்கும் நடுவில் வைத்து, "மிதி" என்றார். மிதித்ததும் துப்பட்டிக்குள்ளிருந்து கூச்சல்.

"எரியுது புள்ள! ஒயர் நல்லாருந்தா இங்கன எரியவே கூடாது!"

பேட்டரியைச் சட்டத்தோடு சேர்க்கும் எர்த்து ஒயர்தான் திருடன். மேலே பெயின்ட் பளபளத்தது. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே உப்புக்காற்று தின்று பச்சைப் பச்சையாகக் களிம்பு.

"இதுக்கா இம்புட்டு நாளும் மல்லுக்கட்டுனீக? இங்கன குடுங்க மச்சான்" என்று ஒயரின் செம்பு முனையை வாங்கினேன். சட்டி விளக்கக் கொண்டு போன புளி கூடையில் இருந்தது. மணலும் புளியும் சேர்த்துத் தேய்க்க, செம்பு சிவந்து மின்னியது. நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். அவர் சட்டத்து இரும்பைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் அப்பினார்.

கட்டையைத் தொட்டேனோ இல்லையோ, லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. டீக்கடைக்காரர் விசிலடித்தார். மணலைச் சீய்த்துக்கொண்டு சாலைக்கு ஏறினோம்.

லாத்தா வாசலிலேயே நின்றிருந்தார். "அடுப்புப் பத்த வச்சு எம்புட்டு நேரமாச்சு! எங்கனடி போனீக?"

நான் மச்சானைக் கைகாட்டினேன். கிரீஸ் கறை படிந்த துப்பட்டியைப் போர்த்தியபடியே மச்சான் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.