ஃபிரிட்ஜுக்குள் பொங்கிய மாவு

"வீடே சக்கரத்துல போகணும். நான் அதுல படுத்துத் தூங்கணும். காலையில கதவைத் திறந்தா கடல் தெரியணும். வேற என்ன பெருசா கேட்டுட்டேன் நானு?"

சிங்கப்பூரில், சுவா சூ காங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாயிரா பானு இப்படிக் கேட்டபோது, மகன் அப்துல் அலீம் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இன்சுலினை என்ன செய்வீங்கம்மா? அது குளிர்ச்சியில இருக்கணும். வழியெல்லாம் வெயில்."

"அந்த வண்டியிலதான் ஃபிரிட்ஜ் இருக்குலா."

"ஓடுற வண்டியில இருக்குற ஃபிரிட்ஜ்மா அது. நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு இடத்துல நிக்காது."

"நீ மட்டும் ஒரு இடத்துல நிக்கிறியாக்கும்?"

மருமகள் மர்யம் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தாள். அலீம் கொஞ்சம் இறங்கி வந்தான்.

"சரி, மலேசியாவுல செராத்திங் கடற்கரைக்குப் போவோம். ஆனா மருந்து சூடாச்சுன்னா, எந்த இடமா இருந்தாலும் வண்டியைத் திருப்பிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"நான் ஏண்டா அழப்போறேன்? மருந்தை மர்யம் பாத்துக்குவா."

யாரும் மர்யத்தைக் கேட்கவில்லை. பொறுப்பு அப்படியே அவள் மடியில் வந்து விழுந்தது.

தேக்கா சந்தையில் இட்லி மாவு விற்பவள் சாயிரா பானு. கழுத்துப்பட்டை கட்டிய வக்கீலானாலும் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணானாலும், மாவு வாங்குகிற எல்லாருக்கும் ஒரே பிரசங்கம்தான். "டப்பாவை வாய் வரைக்கும் நிரப்பாதீங்க. மூடியை இறுக்காதீங்க. மாவு மூச்சு விடணும். போனதும் ஃபிரிட்ஜுல வச்சிருங்க." மாவு பொங்கி வழிந்துவிட்டது என்று யாராவது திரும்பி வந்தால் புது மாவு கிடைக்கும். கூடவே திட்டும் கிடைக்கும். ஊசி போட ஆரம்பித்த பிறகு அவள் எல்லைக்கு அப்பாலுள்ள ஜொகூரைத் தாண்டியதில்லை. மருந்து வீட்டு ஃபிரிட்ஜில் இருந்ததால் அவளும் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அந்தப் படுக்கை வண்டியை ஜொகூரில் வாடகைக்கு எடுத்தார்கள். முதல் நாளே ஃபிரிட்ஜை மின்சாரத்தில் செருகிக் குளிரவைக்கும்படி மர்யம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். வண்டிக்காரரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எஞ்சின் ஓடும்போது ஃபிரிட்ஜ் பேட்டரியில் ஓடும், ஆனால் இருக்கிற குளிரைத்தான் அது காக்கும். நிறுத்திய இடத்தில் எரிவாயுவில் ஓடும், அப்போது வண்டி சாயாமல் நிற்க வேண்டும். ஓடும்போதும் பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்திலும் எரிவாயுவைக் கட்டாயம் மூடிவிட வேண்டும். உள்ளே அடைத்து வைக்கக் கூடாது, அடிக்கடி திறக்கவும் கூடாது.

கையிலிருந்த இன்சுலின் ஊசிப் பேனா மறுநாளோடு தீர்ந்துவிடும். அதன் பிறகு தேவைப்படும் புதுப் பேனாக்களை மர்யம் ஒரு சின்னப் பெட்டியில் வைத்தாள். உறைந்துபோனாலும் மருந்து கெட்டுவிடும் என்பதால், உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வெப்பமானியையும் போட்டு மூடி, ஃபிரிட்ஜின் பின்பக்கக் குளிர்த் தகட்டில் படாமல் நடுத்தட்டில் இருத்தினாள்.

அவள் திரும்புவதற்குள் கீழ்த்தட்டில் ஒரு பெரிய டப்பா ஏறியிருந்தது.

"மாமி, இது என்ன?"

"மாவு. ரொட்டியைத் தின்னுட்டு நான் கடலைப் பாக்கணுமா?"

விடிகாலையில் அரைத்த மாவு அது. எல்லைப் பாலத்து நெரிசலில் காருக்குள்ளேயே அது விழித்துக்கொண்டுவிட்டது. வழியில் சிந்திவிடக் கூடாதென்று வாய் வரை நிரம்பிய டப்பாவின் மூடியைச் சாயிரா பானுவே அழுத்தி இறுக்கியிருந்தாள். போதாததற்கு, வண்டி எங்கே நின்றாலும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். "மருந்து பத்திரமா இருக்கான்னு பாக்குறேன், அவ்வளவுதான்." ஒவ்வொரு தடவையும் குளிர் கொஞ்சம் வெளியே போயிற்று. கடைசித் தடவை கொக்கியும் சரியாக மாட்டவில்லை.

மெர்சிங் போகும் பாதையில் ஒரு வளைவில் 'டப்' என்று சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜ் கதவு ஆடித் திறந்துகொண்டது. மாவு மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டுகளில் வழிந்து, சாவகாசமாகத் தரையில் இறங்கியது.

"அலீம், நிறுத்துங்க!" என்றாள் மர்யம். அவன் ஓரமாக நிறுத்திப் பின்பக்கம் வந்து பார்த்தான்.

"என்னம்மா இது?"

"மாவு."

"அது தெரியுது. மருந்து?"

சாயிரா பானு செருப்பெல்லாம் மாவாக, இருக்கையின் ஓரத்தைப் பிடித்தபடி, திரும்பிப் போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மர்யம் மண்டியிட்டு, மாவு பூசிய சின்னப் பெட்டியைத் துடைத்துத் திறந்தாள். புட்டிகளில் இன்னும் பனி மிச்சமிருந்தது.

"ஏழு டிகிரி. எட்டுக்குள்ள இருந்தா போதும்."

"நெசமாவா?" என்றாள் சாயிரா பானு.

"நீங்களே பாருங்க மாமி."

அலீமும் எட்டிப் பார்த்தான். பிறகு இடுப்பில் கைவைத்து, அம்மாவின் குரலிலேயே ஆரம்பித்தான். "வாய் வரைக்கும் நிரப்பாதீங்க அக்கா! மூடியை இறுக்காதீங்க அக்கா! மாவு மூச்சு விடணும் அக்கா!"

"போடா, வாயாடி!" என்றவளுக்குச் சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்து, இருக்கையிலேயே சாய்ந்துவிட்டாள். தரையைக் கழுவினார்கள். அடுத்த கடையில் பனிக்கட்டி வாங்கினார்கள். வண்டி வடக்கே போயிற்று.

செராத்திங்கில் அலீம் வண்டிக்குள் தரையில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, அது சாயாமல் நிற்கும்வரை வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தினான். அதன் பிறகே எரிவாயுவைத் திறந்தார்கள். காலையில் சாயிரா பானு கதவைத் திறந்தாள். கடல் அவள் கேட்ட இடத்திலேயே இருந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டு, டப்பாவில் எஞ்சிய புளித்த மாவில் தோசை வார்த்தாள். பக்கத்துக் கூடாரத்து மலாய்த் தம்பதிக்கும் தட்டு போயிற்று. அவர்கள் மாவைப் பற்றி விசாரிக்க, மூடியை இறுக்கக் கூடாது என்று மலாயில் பிரசங்கம் தொடங்கியது. மர்யமும் அலீமும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தோசையைப் பார்த்தார்கள்.

ஊர் திரும்பிய சில வாரங்களில், கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அவள் மர்யத்தைத் தனியே அழைத்தாள்.

"அடுத்து திரெங்கானு போறோம். அலீம்கிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்மா. நான் என்ன கெஞ்சினாலும் அந்த ஃபிரிட்ஜ் கதவை என்னைத் திறக்க விடாதே." பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "மாவுக்கு மட்டும் கீழ ஒரு ஓரம் விட்டுவை. டப்பாவை நீயே மூடு."