டோரதி படகு கஞ்சாப் படகான கதை

ராயபுரத்தில் டோரதியின் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அவள் புருஷன் கஸ்பார். அவருக்குக் காது மந்தம்.

முட்டிவலி வந்து கடலுக்குப் போவதை நிறுத்தியதும், கஸ்பார் தன் பைபர் படகைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டார். படகை விற்றால் அதில் எழுதிய பேரைச் சுரண்டிவிட்டுக் கொடுப்பதுதான் கடற்கரை வழக்கம். "எப்டியும் ஒடைக்கத்தானே போறான், அவனே சொரண்டிக்குவான்" என்று சொல்லிவிட்டு அவர் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். 'புனித அந்தோணியார் துணை, டோரதி' என்ற கொட்டை எழுத்தோடு படகு போய்ச் சேர்ந்தது.

சில மாதம் கழித்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து போதைப்பொருள் கடத்தல் மியூசியம் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்தூள் அடைத்த பொட்டலங்கள். கைவிலங்கு மாட்டிய பொம்மை ஒன்று. ஜவுளிக்கடையில் வேட்டி கட்டி நின்ற பொம்மை, இங்கே வந்து குற்றவாளி ஆகியிருந்தது. நடு ஹாலில், பழைய சாமான்காரரிடம் வாங்கி வந்து நிறுத்திய டோரதியின் படகு. 'நடுக்கடலில் துரத்திப் பிடிக்கப்பட்ட கஞ்சாப் படகு' என்று பக்கத்தில் பலகை.

மறுநாளே மீன் மார்க்கெட்டில் கடை போட்டிருக்கும் பூவம்மா ஆரம்பித்தாள்.

"வா கஞ்சா டோரதி! சரக்கு எப்போ எறங்குது?"

மார்க்கெட்டே சிரித்தது. இந்தப் பக்கம் அடைமொழி ஒருமுறை ஒட்டினால் கல்லறை வரைக்கும் கூட வரும். பக்கத்துத் தெரு நோயல் சின்ன வயதில் ஒரே ஒரு கோழியைத் திருடினார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர் 'கோழி' நோயல்தான்.

டோரதி கூடையை வீட்டில் எறிந்துவிட்டு நேரே மியூசியத்துக்குப் போனாள். பொறுப்பாளர் சுப்புராஜ் கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார்.

"அது சும்மா ஒரு மாதிரிக்கு வெச்சதும்மா."

"மாதிரிக்குத்தானே? உன் பொண்டாட்டி பேர எழுதி வெய்யேன். நெஜமா புட்ச்ச படகு எங்கய்யா?"

சுப்புராஜ் குரலைத் தாழ்த்தினார். "காவல்லதான் இருந்துச்சு. முதல்ல மோட்டார் போச்சு. அப்புறம் படகே போச்சு."

"காவல்ல கீற படகையே தூக்கினு பூட்டானா? அத்த எழுதி வெய்யி, கூட்டம் அள்ளும்."

பேரை அழிக்க மேலிடத்து உத்தரவு வேண்டும், மனு எழுதிக் கொடுங்கள் என்றார். டோரதி எழுதவில்லை. காவலாளியின் ஸ்டூலை இழுத்துப் படகுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள்.

"இது எங்க படகு கண்ணு. இதுல வந்ததெல்லாம் நெத்திலி, காரப்பொடி மீனு, எங்க வூட்டுக்காரரோட கொறட்ட. கஞ்சா விக்கிறவன் இந்தச் செவுத்துக்குப் பின்னாலதான் நின்னுகினு கீறான். பைக்ல வரான். அந்த பைக்க எட்த்தாந்து இங்க நிறுத்தச் சொல்லு!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். விளக்கம் சொல்ல வைத்திருந்த ஆள் மைக்கை அணைத்துவிட்டுத் தானும் நின்று கேட்டார். அடுத்த நாளும் டோரதி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள், "அந்தம்மா எந்த ரூம்ல இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வந்தார்கள்.

பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று போன் வந்ததும் மேலிடத்து உத்தரவு தேவைப்படவில்லை. சுப்புராஜே பெயிண்ட் டப்பாவோடு ஓடி வந்து 'டோரதி'யை அழித்தார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் டோரதி. "அந்தோணியார கஞ்சா கேசுல வுட்டுட்டு நான் மட்டும் வூட்டுக்குப் போறதா? ஞாயித்துக்கெழம அவரு மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

சட்டையெல்லாம் பெயிண்ட் தெறிக்க, சுப்புராஜ் அந்தோணியாரையும் விடுதலை செய்தார். பலகையில் 'மாதிரிப் படகு' என்று மாற்றி எழுதும்வரை டோரதி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மார்க்கெட்டில் பூவம்மா தூரத்திலேயே கத்தினாள். "வழி வுடுங்க, வழி வுடுங்க! மியூசியம் டோரதி வருது!"

டோரதி ஒரு கணம் நின்று யோசித்தாள். கல்லறையில் அந்தப் பேரை வெட்டினாலும் மோசமாக இருக்காது. பிறகு குனிந்து, பூவம்மாவின் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத்த எந்த மியூசியத்துலருந்து எட்த்தாந்த?"