கழற்றி வைத்த மெட்டி

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவில் நான் மட்டும்தான். கர்ப்பிணிகளையும், பிறக்கும் பிள்ளைகளை ஐந்து வயது வரையும் பார்த்து எழுதும் ஆராய்ச்சியில் என்னையும் சேர்த்தார்கள். மாதம் ஒருமுறை நர்ஸம்மா வந்து நிறை பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா செய்யுது?" என்று என்னைக் கேட்க அவர் ஒருவர்தான் இருந்தார்.

எட்டாம் மாதம் கால் வீங்கி மெட்டி இறுகியது. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு என் பெயரை வெட்டிவிடுவார்கள், அப்புறம் நர்ஸம்மா வரமாட்டார் என்று பயந்தேன். சோப்புப் போட்டு மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, நர்ஸம்மா வந்து கேட்டபோது "ஒன்னுமில்லைங்க" என்றேன்.

தராசில் ஏறியதும் நர்ஸம்மா என் வெறும் விரலைப் பார்த்தார். "மெட்டி எங்கம்மா?" என்று காலை அழுத்தினார். குழி அப்படியே நின்றது. அன்றே தோட்டத்து லொறியில் ஏற்றிவிட்டார்கள். இன்னும் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர். என் பெயரை யாரும் வெட்டவில்லை.

இப்போது மகளை நிறுக்க அதே நர்ஸம்மா வருகிறார். நான் எதையும் மறைப்பதில்லை. போன மாதம், "பேச ஆளில்லாம இருக்குங்க" என்பதையும் சொன்னேன். "அதுக்கு இந்தத் தாள்ல எடமில்லையேம்மா" என்றவர், ஓரத்தில் எழுதிக்கொண்டார்.