சாந்த் பாஷா போனில் சொன்னது

திருவண்ணாமலை போளூர் சாலையில் ஒரு பஞ்சர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில் இருக்கிற தகரக் கொட்டகைதான் சாந்த் பாஷாவின் கார் ஏ.சி. ஒர்க்‌ஷாப். இருபத்தோரு வருஷம் அதை அவர் மூர்த்தியோடு சேர்ந்து நடத்தினார். கேஸ் நிரப்புவது, கம்ப்ரஸர் பிரிப்பது, பைப் போடுவது பாஷாவின் வேலை. ஒயரிங்கும் வெல்டிங்கும் மூர்த்தியுடையது. போர்டில் பாஷாவின் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பற்றி மூர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை, பாஷாவும் யோசித்ததில்லை.

பாஷாவுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. சொன்ன நாளில் வண்டியைக் கொடுத்துவிடுவார். பௌர்ணமிக்கு வந்த வெளியூர்க்காரன் கிரிவலம் சுற்றி முடிப்பதற்குள் அவனுடைய வண்டி குளிர்ந்து நிற்கும். "பாய்கிட்ட விட்டா நாள் தவறாது" என்று ஆட்டோக்காரர்கள் கூட சொல்வார்கள். அதைக் கேட்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை ஜாஸ்திதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தை மாதம், வேங்கிக்காலில் இருந்து மணிமொழி என்ற அம்மா கூப்பிட்டனுப்பினார். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் கோதண்டராமன் முந்தின வருஷம் இறந்திருந்தார். வீட்டு ஷெட்டில், துணி மூடி, அவர் வைத்துவிட்டுப் போன கார் நின்றது. இங்கிலாந்தில் அறுபதுகளில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, தாழ்வான உடம்பு, கரும்பச்சை நிறம், கழற்றி மாட்டுகிற தகடு மேற்கூரை.

"இதுக்கு ஏ.சி. போட முடியுமா, பாஷா?"

"மேடம், உங்ககிட்ட வேற கார் இருக்கே. அதுல ஏ.சி. நல்லாத்தான இருக்கு?"

"இருக்கு. ஆனா நானும் அவரும் சுத்தினது இதுலதான்."

பிறகு மணிமொழி தன் வியாதியைப் பற்றிச் சொன்னார். நரம்புக் கோளாறு. உடம்பு சூடானால் கண் மங்கிவிடும், கால் மரத்துவிடும். குளிர்ச்சியில் ஒரு மணி நேரம் இருந்தால் திரும்பி வரும். மார்ச் பிறந்தால் அவர் வெளியே தலைகாட்டுவதில்லை. அந்தக் காருக்குள்ளோ பிப்ரவரியிலேயே அடுப்பு மாதிரி கொதிக்கும்.

"எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. ஒரு தடவ மலையச் சுத்தி வரணும், அவ்ளோதான். நிதானமா பண்ணுங்க" என்றார்.

மூர்த்தி வந்து பானெட்டைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தான். பழைய சின்ன எஞ்சின். இந்த ஊர் வெயிலில் அது தன்னைத் தானே குளிர வைத்துக்கொள்ளவே திணறும். மற்ற கார்களைப் போல பெல்ட் போட்டுக் கம்ப்ரஸரை அதன் தலையில் கட்டினால் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் ஆவி கிளம்பிவிடும்.

"கரண்ட்ல ஓடற கம்ப்ரஸர் போடலாம் பாய்" என்றான் மூர்த்தி. "பின்னாடி டிக்கியில தனி லித்தியம் பேட்டரி. வீட்ல சார்ஜ் போட்டுக்கட்டும். எஞ்சினத் தொடவே வேணாம். ஒண்ணு மட்டும், இந்த பாடியில நாம புதுசா ஒரு ஓட்டைகூட போடக் கூடாது."

அந்த வேலை மூர்த்தியைப் பிடித்துக்கொண்டது. சென்னையில் இருந்து கம்ப்ரஸர் வந்தது. மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒயர்களை விரிப்புக்கு அடியில், ஏற்கெனவே இருந்த துளைகள் வழியாகவே கொண்டுபோனான். ஒவ்வொரு ஒயர் முனையிலும் வெள்ளை டேப் ஒட்டி, பென்சிலால் அதன் வேலையை எழுதினான். மற்ற வண்டிகளின் வேலை ஓய்ந்த பிறகே இதைத் தொட முடிந்ததால் மூன்று மாதம் ஓடிப்போனது. மே மாதம் ஒரு திங்கட்கிழமை மணிமொழி போன் செய்து வேறு எதையோ கேட்டபோது, பாஷா தானாகவே சொன்னார்: "சனிக்கெழம வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கும், மேடம்."

வெள்ளிக்கிழமை ஆற்காட்டில் பாஷாவின் அக்கா மகளுக்கு நிக்காஹ். மனைவி ரஹமத்துன்னிசாவோடு காலையிலேயே கிளம்பிவிட்டார். அன்று மிஞ்சியிருந்தது ஒரே வேலை. பைப்புகளைப் பூட்டி, உள்ளே அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆக்சிஜன் ஏற்றினால், கம்ப்ரஸருக்குள் இருக்கிற எண்ணெயோடு சேர்ந்து அது வெடித்துவிடும். வேலூரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது பாஷாவும் மூர்த்தியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தும், நைட்ரஜன் தீர்ந்துபோன நாட்களில், வெல்டிங்குக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரையே மாட்டி நாலைந்து தடவை சமாளித்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கும் நைட்ரஜன் தீர்ந்திருந்தது. பன்னிரண்டரை மணிக்கு மூர்த்தி கூப்பிட்டான்.

"பாய், நைட்ரஜன் திங்கக்கெழமதான் வருமாம். என்ன பண்ணட்டும்?"

மண்டபத்தில் ஒரே இரைச்சல். போட்டோ எடுக்க வரச் சொல்லி யாரோ பாஷாவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பவும் பண்ற மாதிரி பண்ணுப்பா. நாளைக்கு வண்டி குடுக்கணும்."

"சரி பாய்" என்றான் மூர்த்தி.

இரண்டு மணி வாக்கில் பஞ்சர் கடை வல்லரசுவிடம் இருந்து போன் வந்தது. லாரி டயர் வெடித்ததாகத்தான் அவர் முதலில் நினைத்தாராம். ஓடிப்போய்ப் பார்த்தால் கொட்டகைத் தகரம் ஒன்று தெருவில் கிடந்தது. கம்ப்ரஸர் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு மூர்த்தியின் நெஞ்சிலும் கழுத்திலும் அடித்திருந்தது. வல்லரசு தூக்கி ஆட்டோவில் போட்டபோது அவனுக்கு நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டான். கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வல்லரசு கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. பாஷா ஆற்காட்டில் இருந்து வந்து சேர்ந்தபோது பிணவறைக்கு வெளியே மூர்த்தியின் மனைவி திரௌபதி தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கி அவரை ஒரு தடவை பார்த்தாள். அழவில்லை.

"ஆக்சிஜன் மாட்டச் சொன்னது யாரு?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"நான் ஊர்லயே இல்ல சார்" என்றார் பாஷா.

எஸ்.ஐ. அதை எழுதிக்கொண்டார். இறந்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று காகிதத்தில் ஏறியது. டீக்கடையிலும் அதையேதான் பேசினார்கள். "மூர்த்திக்குத் தெரியாதா? அவசரப்பட்டுட்டான்." பாஷா கையில் டம்ளரை வைத்துக்கொண்டு அதைக் கேட்டார், மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, போனில் வெள்ளிக்கிழமைப் பட்டியலைத் தேடி, மூர்த்தியின் அழைப்பை அழித்தார்.

பத்து நாள் கழித்து ரஹமத்துன்னிசாவிடம் சொன்னார். அவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். மூர்த்தி அவள் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவன்.

"வாய மூடிக்கினு இருங்க" என்றாள். "அவரு திரும்பி வரப் போறதில்ல. நம்ம ரூக்ஸாருக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

அவர் மூடிக்கொண்டுதான் இருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அடி அண்ணாமலையில் மூர்த்தியின் வீட்டுக்குப் போனார், பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். மூர்த்தியின் மகள் சினேகா கல்லூரியில் படிக்கிறவள். அவள் வந்து, "நீங்க இருந்திருந்தா அப்பா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாரு, இல்ல?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார். அன்று அவரால் பைக்கை நேராக ஓட்ட முடியவில்லை. வழியில் நிறுத்திவிட்டு, சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் கடைசியில் மணிமொழி வீட்டுக்குப் போனார். கார் அதற்குள் அங்கே திரும்பிப் போயிருந்தது. முன்பக்கத்தில் ஒரு ஓரம் நசுங்கியிருந்தது, மற்றபடி உடம்பு தப்பித்திருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனார். மின்விசிறிக்கு நேராக ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மணிமொழி உட்கார்ந்திருந்தார். கண் அன்றைக்குச் சரியாகத் தெரியவில்லை போல. பாஷா நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துப் பேசினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பாஷா. நான் உங்கள அவசரப்படுத்தினேனா? ஒரு மாசமா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஏதாவது சொல்லியிருந்தா சொல்லிடுங்க."

"இல்ல மேடம். நீங்க ஒரு வார்த்த சொல்லல."

"அப்ப யாரு அவசரப்படுத்தினது?"

பாஷா வெளியே வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. நேராக அடி அண்ணாமலை போனார்.

திரௌபதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சினேகா கல்லூரிக்குப் போயிருந்தாள். பாஷா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சி, அன்னிக்கு மூர்த்தி எனக்கு போன் பண்ணான். நைட்ரஜன் இல்லன்னு கேட்டான். எப்பவும் பண்ற மாதிரி பண்ணுன்னு நான்தான் சொன்னேன். அவன் சொந்தமா எதுவும் பண்ணல."

அவள் கையில் இருந்த சேலையை உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"தெரியும்ணா" என்றாள்.

பாஷாவுக்குப் புரியவில்லை.

"சாப்பாடு கொண்டாந்திருந்தேன். அவரு கையில கிரீஸு. போன ஸ்பீக்கர்ல போட்டு, என்னத்தான் புடிச்சிக்கச் சொன்னாரு. நீங்க சொன்னத நானும் கேட்டேன். வச்சதுக்கு அப்புறம், 'வேணாம்னுதான் தோணுது, ஆனா பாய் வாக்கு குடுத்துட்டாரு'ன்னாரு. நான் சாப்பிட்டுட்டுப் பண்ணுங்கன்னு சொல்லிட்டு பஸ்ஸப் புடிச்சேன்."

"போலீஸ்ல ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஆஸ்பத்திரியில பாத்தேன். காரியத்தன்னிக்குப் பாத்தேன். எம்பொண்ணு உங்கள நிக்க வச்சுக் கேட்டாளே, அப்பக்கூடப் பாத்தேன். அவப்பன் புத்தி கெட்டுப் போய்ச் செத்தான்னு ஊரே பேசுது. ஐம்பது நாளு."

பாஷா அவள் காலில் விழப் போனார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"அதெல்லாம் வேணாம். போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. அப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க. சினேகாவுக்கு நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் காலை அவர் காவல் நிலையத்துக்குப் போனார். "முடிஞ்சுபோனத ஏன்யா கெளர்ற?" என்று ஏட்டு அலுத்துக்கொண்டார். திரௌபதியிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவானது. ரஹமத்துன்னிசா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. மகள் ரூக்ஸாருக்குப் பேசி வைத்திருந்த வாணியம்பாடி மாப்பிள்ளை வீட்டார் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டீக்கடையில் அவர் போனால் பேச்சு நின்றது.

ஜாமீனில் இருந்த அந்த மாதங்களில் மணிமொழியின் காரை அவர் முடித்துக்கொடுத்தார். வேண்டாம் என்றுதான் முதலில் மணிமொழி சொன்னார். "பாதியில நிக்கறது மூர்த்தி வேல, மேடம்" என்றார் பாஷா. அந்த அம்மா கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டார். புதுக் கம்ப்ரஸர் வந்ததும் டேப்பில் மூர்த்தி எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து ஒயர்களை மாட்டினார். 'விசிறி'. 'பிரஷர் சுவிட்ச்'. 'இதைத் தொடாதே'. எல்லாம் சரியான நீளத்தில் இருந்தன. நைட்ரஜன் சிலிண்டர் வரும்வரை ஒன்பது நாள் காத்திருந்தார். அழுத்தம் ஏற்றும்போது யாரையும் பக்கத்தில் விடவில்லை. எங்கும் கசியவில்லை. சுவிட்சைப் போட்டதும் நாலு நிமிஷத்தில் உள்ளே குளிர் பரவியது. அந்தக் குளிரில் அவர் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வெயிலில் நின்றார்.

"மலையச் சுத்தி என்ன நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார் மணிமொழி.

"அந்த ரோடு அடி அண்ணாமல வழியா போவுது மேடம். நான் அங்க போவக் கூடாது. வேற டிரைவர் வச்சுக்குங்க."

டிரைவர் வைத்துத்தான் போனார். செப்டம்பரில் ஒரு நாள், நல்ல வெயிலில், பதினாலு கிலோமீட்டரும் சுற்றினார். கண் மங்கவில்லையாம். கணவர் ஓட்டிய இருக்கையில் வேறு ஒருவர் இருக்க, பக்கத்தில் தான் குளிராக உட்கார்ந்திருந்தது தாங்கவில்லை என்று பிறகு போனில் சொன்னார். இரண்டாம் தடவை போகவில்லை. அடுத்த கோடையில் வியாதி முற்றி, படுக்கையிலேயே ஆகிவிட்டது.

நீதிமன்றத்தில் பாஷா குற்றத்தை ஒப்புக்கொண்டார். வக்கீல் சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டார். போனில் என்ன பேசினார்கள் என்பதற்குத் திரௌபதி ஒருத்திதான் சாட்சி, இழுத்தடித்தால் வழக்கு நிற்காது என்பது அவர் கணக்கு. "அந்த சாட்சிய கூண்டுல ஏத்தி நீங்க குறுக்கு விசாரண பண்ணுவீங்க. அது வேணாம் சார்" என்றார் பாஷா. ஆறு மாதத் தண்டனை. மேல்முறையீடு செய்யவில்லை. வேலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். மாதம் ஒருமுறை ரஹமத்துன்னிசா பஸ் ஏறி வந்து பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ரூக்ஸாரைப் பற்றி மட்டும் பேசுவாள்.

இப்போது அதே கொட்டகையில் தனியாக வேலை செய்கிறார். வெல்டிங் வேலை வந்தால் வெளியே அனுப்பிவிடுகிறார். யாருக்கும் நாள் சொல்வதில்லை. "எப்ப பாய் கெடைக்கும்?" என்று கேட்டால், "முடிஞ்சா போன் பண்றேன்" என்கிறார். வாடிக்கை பாதியாகிவிட்டது.

போன மாதம் பேருந்து நிலையத்தில் சினேகாவைப் பார்த்தார். படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள் போலிருக்கிறது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவளும் பார்த்துவிட்டாள். பாஷா அப்படியே நின்றார். அவள் பார்வையை எடுக்கவில்லை, கிட்டேயும் வரவில்லை. செங்கம் பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக அவள் ஏறி, ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.